பதினெட்டு ஆம்ப்ஸ் பொய்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பொய் சொல்லாமலும் தொழில் நடத்த முடியும் என்று நிரூபித்த ஒரே மனிதர் ஆம்ப்ஸ்தான். அவர் பொய் சொல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. எங்களைச் சொல்ல விடமாட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. நான்கு ஷெட்டுகள் கொண்ட எங்கள் காம்பவுண்டுக்கு அவர் எலக்ட்ரீஷியன். கேட்டை ஒட்டிய பேனல் ரூமில், மெயின் சுவிட்சுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இடுப்பில் டாங் டெஸ்டர் தொங்கும். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து கேபிளைக் கவ்வினால், உள்ளே எத்தனை ஆம்ப்ஸ் கரண்ட் ஓடுகிறது என்று காட்டுகிற கருவி. இருபது வருஷம் அதை மாட்டிக்கொண்டு திரிந்ததில் அவருக்கு உலகமே ஆம்ப்ஸாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"கிட்ட போகாத நைனா. பாய் இன்னிக்கு அறுபது ஆம்ப்ஸ்ல கீறாரு" என்றால், பவுடர் கோட்டிங் ஷெட் பாய் காலையிலேயே யாரையோ திட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று பொருள். சொந்தக் குடும்பத்தையும் அவர் விட்டுவைத்ததில்லை. "எங்க ஊட்ல நார்மல் லோடு நாலு ஆம்ப்ஸ். அவ அண்ணன் வந்தான்னா பன்னெண்டு."

என் ஷெட்டில் ரப்பர் கேஸ்கெட் செய்தோம். பம்புகளுக்கு உள்ளே போகிற, யார் கண்ணிலும் படாத வளையங்கள். பூந்தமல்லியிலிருந்து தினமும் வண்டியில் வருவேன். ஆம்ப்ஸுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவர் எல்லாரையும் நைனா என்பார், எல்லாரையும் நீ என்பார். மரியாதைக் குறைவு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பொதுவில் இருக்கிற எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. யார் யாருக்கு எவ்வளவு, எப்போது என்று பிரிக்க ஆரம்பித்துவிடுவார். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஒரே அடுப்பு. பதினோரு மணிக்கு நான்கு ஷெட் ஆட்களும் ஒரே நேரத்தில் போய் மோதுவார்கள். ஆம்ப்ஸ் இரண்டு நாள் எதிரே நின்று பார்த்தார். மூன்றாம் நாள் ஷெட்டுக்குப் பத்து நிமிஷம் இடைவெளி விட்டு டீ நேரம் வைத்துவிட்டார். தள்ளுமுள்ளு ஒழிந்தது. ஒரு வாரம் கழித்து டீக்கடைக்காரர் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார்:

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க. கூட்டமே இல்லாத கடைல ரோட்ல போறவன் எவன் சார் டீ குடிப்பான்?"

லேத் ஷெட் செல்வம் பெண்ணுக்கு ஆவடியில் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளி முதல் வரிசையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் நாங்கள் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆம்ப்ஸ் பாதி இலையில் எழுந்தார். வரிசைக்கு ஒரு ஆளை நிறுத்தினார். "உன் வரிசைய நீ பாத்துக்கோ. எந்த எலைல இன்னா இல்லன்னு என்கிட்ட சொல்லாத. உன் வரிசைக்கு எத்தினி கரண்டி வோணும், அத மட்டும் சொல்லு. வாளி எங்க போவணும்னு நான் சொல்றேன்" என்று நடுவில் நின்று கையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் எல்லா இலையிலும் சாம்பார். மாப்பிள்ளையின் அப்பா செல்வத்தை ஓரமாகக் கூப்பிட்டு, அது யார் என்று விசாரித்தார்.

"எங்க எலக்ட்ரீஷியன், சம்பந்தி."

"சாம்பாருக்கு எதுக்கு எலக்ட்ரீஷியன்?"



இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு கோடைக்காலத்தில் அவருடைய அருமை தெரியவேண்டி வந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் காம்பவுண்டின் டிரான்ஸ்பார்மர் ஒரு முறை உறுமியது. அப்புறம் புகைந்தது. அவ்வளவுதான். இடத்துக்காரர் ஓடியாடி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை இரவலாக வாங்கி வைத்தார். பழையதில் பாதிதான் அதன் தெம்பு. புதிது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

நான்கு ஷெட்டிலும் அவசர வேலை இருந்தது. எல்லாரையும்விட இக்கட்டில் இருந்தவர் விஜயா அக்கா. பிளாஸ்டிக் மூடி, குழாய் இணைப்பு எல்லாம் வார்க்கிற ஷெட் அவருடையது. கணவர் இறந்த பிறகு தானே மிஷினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு நடத்தியவர். ஆறு பெண்கள் ஆவடிப் பக்கமிருந்து ரயிலில் வந்து வேலை செய்தார்கள். அவர் மிஷினில் மாட்டி வார்க்கிற அச்சு, அந்த மோல்டு, ஆர்டர் கொடுத்த கம்பெனியின் சொத்து. மாதக் கடைசிக்குள் சரக்குப் போகவில்லையென்றால் அவர்கள் லாரியோடு வந்து அச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அச்சு போனால் ஷெட்டைப் பூட்டவேண்டியதுதான்.

முதலில் நாங்களே கூடிப் பேசினோம். ஆளுக்குக் கால் பங்கு என்று செல்வம் சொன்னார். இதைவிட நியாயம் உண்டா என்று எல்லாரும் தலையாட்டினோம். பாயின் அடுப்பு சூடேறக் கால் பங்கு போதாது. அதில் பவுடர் பூசி வைத்த இரும்புக் கட்டில் சட்டங்கள், பவுடர் உருகாமல் வெதுவெதுப்பாக வெளியே வந்தன. என் பிரஸ்ஸில் ரப்பர் வேகாமல் சவசவ என்று கிடந்தது. இரண்டு நாள் எல்லாருக்கும் நியாயம் கிடைத்தது. ஒருவருக்கும் வேலை நடக்கவில்லை.

அடுத்து, இடத்துக்காரர் ஒரு இன்ஜினீயரை அனுப்பினார். இளைஞர், நல்ல மாதிரி, மடிக்கணினியோடு வந்தார். எங்கள் எல்லா மிஷினையும் எழுதி வாங்கிக்கொண்டால், எது எப்போது ஓடவேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்றார். ஷெட்டுக்கு நாலு பக்கப் படிவம். கூடுதலாகக் கேட்டால்தான் கொஞ்சமாவது கிடைக்கும் என்று எல்லாருக்கும் தனித்தனியே ஒரே யோசனை உதித்தது. செல்வம் போன வருஷம் விற்றுவிட்ட டிரில்லிங் மிஷினைச் சேர்த்தார். நான் ஒரு கம்ப்ரஸரை இரண்டு பெயரில் எழுதினேன். பாய் மட்டும் பொய் எழுதவில்லை. படிவத்தையே தரவில்லை.

கம்ப்யூட்டர் அத்தனையையும் நம்பியது. இல்லாத மிஷின்களுக்கு நேரம் ஒதுக்கிவிட்டு, இருக்கிற மிஷின்களை நிறுத்தச் சொன்னது. நாங்கள் பொறுமை இழந்து மறுநாள் டீ நேரம் முடிந்ததும் அவரவர் இஷ்டத்துக்குச் சுவிட்சைப் போட்டோம். மெயின் டிரிப் ஆகி, கரண்ட் போய், காம்பவுண்டே அமைதியானது.

பேனல் ரூமிலிருந்து ஆம்ப்ஸ் வெளியே வந்தார். இன்ஜினீயரிடம் போனார்.

"நைனா, நீ எல்லார் ஊட்டு அடுப்பங்கரைக்குள்ளயும் பூந்து எட்டிப் பாக்கிற. எவன் நெஜம் சொல்வான்?"

"டேட்டா இல்லாம எப்படி சார் பிளான் பண்றது?"

"எனக்கு டேட்டா வோணாம். ஷெட்டுக்கு ஒரு தலை வோணும். அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் பேனல் ரூம் வாசலில் ஒரு கரும்பலகை வந்தது. நாங்கள் நால்வரும் எதிரே நின்றோம். அவர் சொன்னது இதுதான். ஷெட்டுக்கு ஒருவர் பொறுப்பு. உள்ளே எந்த மிஷின் ஓடுகிறது, எது நிற்கிறது என்பது அவர் பாடு, ஆம்ப்ஸ் தலையிடமாட்டார். ஒவ்வொரு ஷெட்டுக்கும் வாரத்துக்கு ஒரே எண்ணிக்கையில் வில்லைகள், டோக்கன் மாதிரி. பத்து ஆம்ப்ஸை ஒரு மணி நேரம் இழுக்க இத்தனை வில்லை என்று பலகையில் எழுதியிருக்கும். காலை ஆறு மணிக்கு ஒன்று. பத்து மணிக்கு நான்கு. கணக்கைப் பார்த்துக்கொண்டு நாளைக்கு எந்த நேரம் எவ்வளவு வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும்.

"எல்லாரும் பத்து மணியே கேட்டா?" என்றேன்.

"கேளு. நான் ரேட்ட ஏத்துவேன். திரும்பக் கேளு. திரும்ப ஏத்துவேன். உன் ஆச எறங்கற வரிக்கும் ஏத்திகினே இருப்பேன்."

வில்லைகளுக்கு முதலில் இரும்பு வாஷர்களை வைத்தார். மறுநாள் காலையில் செல்வத்திடம் மட்டும் ஒரு வாளி வாஷர் இருந்தது. லேத் வைத்திருப்பவரிடம் வாஷரைக் காசாகக் கொடுத்தால் அவரும்தான் என்ன செய்வார்? ஆம்ப்ஸ் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தன் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டினார். தங்க எழுத்துப் போட்ட பத்திரிகை. இப்போது அந்த மாதிரி யாரும் அச்சடிப்பதில்லை.

"இவ்வளவு மிச்சமா?" என்று கேட்டேன்.

"தெருவுக்கு ஒருத்தனப் புட்ச்சி ஒரு பத்திரிக குடுத்தேன். உன் தெருவக் கூட்டிகினு வர்றது உன் பொறுப்புன்னேன். எல்லாரும் வந்தாங்க. முன்னூறு மிச்சம். எங்க மாமனாருதான் ஒரு வருஷம் பேசல."

அப்போதாவது அவர் பெயர் தெரியுமென்று என் துண்டுகளை அடுக்கிப் பார்த்தேன். பெயர் இருந்த துண்டுகளை எல்லாம் அவரே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு 'சுற்றமும் நட்பும்' நிறைய வந்திருந்தது.

முதல் நாள் கூத்தை மறக்கமுடியாது. நால்வரும் பத்து மணியையே கேட்டோம். அவர் நாலை அழித்து ஆறு என்று எழுதினார். செல்வம் முனகிக்கொண்டே பாதி லேத்தைக் காலை ஏழு மணிக்கு மாற்றினார். இன்னும் அதிகமாகத்தான் இருந்தது. ஆறு எட்டானது. பாய், வெயிலில் அடுப்புப் பக்கம் நிற்பதைவிட விடிகாலை தேவலை என்று தொழுகை முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னார். நான் மத்தியானத்துக்கு நகர்ந்தேன். விஜயா அக்காவின் பெண்கள் ரயில் பிடித்து ஒன்பதுக்குத்தான் வரமுடியும். அதனால் அவர் அசையவில்லை. மற்ற நேரத்தையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டுப் பத்து மணியை வைத்துக்கொண்டார். மூன்றாவது முறை கூட்டிப் பார்த்தால், சின்ன டிரான்ஸ்பார்மரின் அளவுக்குள் எல்லாம் அடங்கியிருந்தது.

அதிகாரம் பண்ணி யாரையும் அவர் ஓரிடத்தில் நிறுத்தவில்லை. நாங்களே போய் நின்றிருந்தோம்.

ஊருக்குப் போகாமல் இதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் மெதுவாகச் சொன்னார். "சார், மேல ஒருத்தர் விலை மட்டும் சொல்றது, கீழ அவங்கவங்க முடிவு எடுக்கறது, திரும்ப விலைய மாத்தறது... இத நாங்க காலேஜ்ல ஒரு வருஷம் படிச்சோம். படிநிலை உகப்பாக்கம்னு பேரு."

ஆம்ப்ஸ் யோசித்தார். "பேரு நல்லாத்தான் கீது. அதுல சாம்பார் வருமா?"

பத்து நாள் ஓடியது. ஒரு டிரிப் இல்லை. எங்கள் ஷெட்டுக்குள்ளேயும் மெல்ல ஒரு மாற்றம் வந்தது. என் சூப்பர்வைசர் மூன்று பிரஸ்ஸுக்கும் பலகை வைத்து, எதை எப்போது சூடேற்றினால் துண்டு மிச்சமாகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். சும்மா எரிந்த ஹீட்டர்களை நாங்களே அணைத்தோம். ஆம்ப்ஸ் ஒருநாளும் எங்கள் ஷெட் வாசல்படி ஏறி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதன் பிறகுதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

இரண்டாவது வார வியாழக்கிழமை. பம்பு கம்பெனியிலிருந்து அவசரமாகக் கூடுதல் கேஸ்கெட் கேட்டார்கள். என் துண்டுகள் தீர்ந்துவிட்டன. பதினோரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினேன். மூன்றாவது பிரஸ்ஸை, அந்த நேரத்துக்கு நான் கேட்டிராத பிரஸ்ஸை, நானே போட்டேன். ஒரே ஒரு பிரஸ். பத்து நிமிஷம். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

எட்டாவது நிமிஷம் மெயின் டிரிப்பானது. திரும்பப் போட அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் விஜயா அக்காவின் மிஷினுக்குள் உருகி நின்ற பிளாஸ்டிக் கருகி அடைத்துக்கொண்டது.

ஆம்ப்ஸ் என் ஷெட்டுக்கு வந்தார். பலகை வைத்த பிறகு அதுதான் முதல் முறை.

"நைனா, பதினோரு மணிக்கு உன் கேபிள்ல பதினெட்டு ஆம்ப்ஸ் பொய் ஓடிச்சி."

"மீட்டர்ல ஏதாவது தப்பா இருக்கும்" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்து டாங் டெஸ்டரைக் கழற்றி என் மேஜை மேல் வைத்தார். "அப்ப இதாண்டயே கேளு."

அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயசான ஒருவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிகிறமாதிரி இருந்தது. அவருக்கும் என் வயதுதான் என்பது அப்போது நினைவில் இல்லை.

"எல்லார்கிட்டயும் சொல்லப்போறீங்களா?"

"நான் இன்னாத்துக்கு சொல்றேன். உன் ஷெட்டுக்கு நீ தலை. உள்ள நடக்கிறது உன் பாடு. அப்டித்தான ரூலு?" டெஸ்டரை எடுத்து மாட்டிக்கொண்டார். "விஜியக்கா மிஷின அவுத்துகினு கீது. அத சொல்லத்தான் வந்தேன்."

போனேன். விஜயா அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மிஷினின் நீளத் திருகு வெளியே உருவிக் கிடந்தது, கன்னங்கரேலென்று. நான்தான் செய்தேன் என்றேன். என்னவோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே அது அசிங்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 

"இருபத்தெட்டாம் தேதி வண்டி வரும் சார், மோல்ட எடுக்கவோ சரக்க எடுக்கவோ. ரெண்டுல ஒண்ணு" என்றார். அப்புறம், "பித்தளைக் கம்பி அந்த ரேக்ல இருக்கு. இரும்பு வெச்சு சுரண்டிடாதீங்க, கோடு விழுந்துரும்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு மணி நேரம். ஆறு பெண்களும் வேலையில்லாமல் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, ஒரு முதலாளி திருகு சுரண்டுவதை வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒரு பெண் ரொம்பப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"சார், அந்தப் பக்கம் விட்டுட்டீங்க. இல்ல சார், அதுக்கும் கீழ."

திங்கட்கிழமை புது வாரத் துண்டுகள் வந்தன. என்னுடையதில் பாதியை எண்ணி விஜயா அக்கா கையில் கொடுத்தேன். ஆம்ப்ஸ் பலகையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை மாத்தக் கூடாதுன்னு ரூல் இருக்கா?" என்றேன்.

"போடல" என்றார். "போடணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

அவர் எதையும் மறக்கிற ஆளில்லை.

நடந்ததை பாயிடமும் செல்வத்திடமும் நானே சொல்லியிருந்தேன். பாய் தன் துண்டுகளில் ஒரு பிடி எடுத்து விஜயா அக்காவின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். செல்வம், தப்பு பண்ணினவன் கொடுக்கிறான், நான் ஏன் கொடுக்கவேண்டும் என்று நியாயமான கேள்வி கேட்டார். கேட்டுக்கொண்டே எண்ணினார். எல்லாரையும்விட இரண்டு துண்டு கூடுதலாகவே கொடுத்தார்.

இருபத்தெட்டாம் தேதி லாரி வந்தபோது விஜயா அக்கா ஷெட் வாசலில் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். லாரி சரக்கை ஏற்றிக்கொண்டு போயிற்று. அச்சு மிஷினிலேயே இருந்தது. விஜயா அக்கா எல்லாருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தார். ஆறு பெண்களுக்கும் எங்களுக்கும் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று ஆம்ப்ஸ் டப்பாவின் பின்னாலேயே நடந்தார்.

அடுத்த வாரம் புது டிரான்ஸ்பார்மர் வந்தது, பழையதைவிடப் பெரியது. நாங்கள் நால்வரும் இருந்த மிஷினையெல்லாம் ஒரே நேரத்தில் போட்டுக் கைதட்டினோம். ஒன்றும் டிரிப் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆம்ப்ஸ் பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு இரண்டு ஆம்ப்ஸ் முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். ஒருநாள் என்னிடம் வந்து, வேலையை விட்டுப் போகிறேன் என்றார். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்திருந்தது.

"சம்பளம் அதிகமா?"

"அதே சம்பளந்தான்." குரலைத் தாழ்த்தினார். இரண்டு மாதமாகக் காணாத வெளிச்சம் முகத்தில். "நாலு பிளாக்கு நைனா. எரநூறு ஊடு. எல்லாத்துக்கும் ஒரே தண்ணி சம்ப்பு. தண்ணிக்கு தெனம் ஒருத்தன ஒருத்தன் அட்ச்சிகினு கீறாங்க."

கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார்.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. எங்கள் காம்பவுண்டில் கரண்டுக்குக் குறைவில்லை. பேனல் ரூமில் இப்போது ஒரு தானியங்கிப் பெட்டி இருக்கிறது. அது யாரையும் நைனா என்று கூப்பிடுவதில்லை.

போன மாதம் பூந்தமல்லி வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தது. புரோக்கரிடம் பருத்திப்பட்டில் அந்தக் குடியிருப்பின் பெயரைச் சொல்லி, அங்கே ஏதாவது வீடு இருந்தால் பார்க்கச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். கமிஷன் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்னார்.

"அங்க வேணாம் சார். தண்ணிக் கஷ்டம். கீழ ஒரு ஆளு போர்டு வெச்சிகினு, எந்த பிளாக்குக்கு எப்ப தண்ணின்னு உசுர எடுப்பாரு."

"தெரியும்" என்றேன். "கீழ்த்தளமா இருந்தா இன்னும் நல்லது."